பம்ப்செட் புல்லியை மாற்றுவதா வேண்டாமா: அளந்து முடிவு செய்யும் வழி

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் தள்ளிப்போனாலும் குறுவை நாற்றங்காலுக்கு வைகாசியிலேயே தண்ணீர் வேண்டும். பில்டர் பாயிண்டில் (அடியில் வலை பொருத்திய, ஆழம் குறைந்த குழாய்க்கிணறு) பூட்டிய ஆயில் இன்ஜின் காலையிலிருந்து ஓடியும் கடைமடை வயல் நனையவில்லை என்றால், முதலில் காதில் விழும் யோசனை "இன்ஜின் புல்லியை ஒரு சைஸ் பெருசா போடுங்க" என்பதுதான். (புல்லி என்பது பெல்ட் ஓடும் சக்கரம்.) செலவு குறைவு, அரை நாள் வேலை, பம்ப் வேகமாகச் சுற்றும், தண்ணீர் கூடும். சொல்லும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் குறைவதற்குக் காரணம் வேகமாக இல்லாவிட்டால், பெரிய புல்லி டீசலை மட்டும் கூட்டும். இன்ஜினுக்குத் தெம்பு போதாவிட்டால் பிஸ்டன் ரிங்கில் போய் நிற்கும். வேகம்தான் குறை என்று அளந்து தெரிந்தால் தயங்காமல் மாற்றலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும்.

இங்கே சொல்வது பெல்ட் போட்டு ஓட்டும் சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு. மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் இருக்கும் மோனோபிளாக்கிலும் நீர்மூழ்கி மோட்டாரிலும் புல்லியே கிடையாது.

வேகம் கேட்கும் விலை

பம்ப் சுற்றும் வேகத்தைக் கூட்டினால் தண்ணீரின் அளவு அதே விகிதத்தில் கூடும். அது தள்ளும் உயரம் விகிதத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். இன்ஜினிடம் கேட்கும் குதிரைச் சக்தியோ மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 10 சதவீதம் வேகம் கூட்டினால் 1.1 × 1.1 × 1.1, அதாவது சக்தி 33 சதவீதம் அதிகம். 15 சதவீதம் கூட்டினால் 52 சதவீதம்.

நொடிக்கு 10 லிட்டர், மொத்த உயரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 × 15 ÷ 75 = 2 எச்.பி. (குதிரைச் சக்தி) தண்ணீருக்கே போகிறது. பம்பின் திறன் 60 சதவீதம் என்றால் பம்ப் தண்டில் 3.3 எச்.பி. வேண்டும். பெல்ட் இழப்பையும் சேர்த்து இன்ஜின் கொடுக்க வேண்டியது சுமார் 3.6 எச்.பி. வேகத்தை 10 சதவீதம் ஏற்றினால் இது 4.8 ஆகிறது. 5 எச்.பி. இன்ஜினில் மூச்சுவிட இடமில்லை. 15 சதவீதம் ஏற்றினால் 5.5. இன்ஜின் தாங்காது.

இதையே டீசல் கணக்கில் பார்க்கலாம். ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட ஏறத்தாழ 67,000 லிட்டர் வேண்டும். நொடிக்கு 10 லிட்டரில் 112 நிமிடம், 11 லிட்டரில் 102 நிமிடம். மாவுக்குப் பத்து நிமிடம் மிச்சம். ஆனால் பாயும் ஒவ்வொரு லிட்டருக்கும் 21 சதவீதம் கூடுதல் சக்தி செலவாகிறது, டீசலும் அதை ஒட்டியே போகும். முறைத்தண்ணீர் நேரம் நெருக்குகிறது, ஆள் கூலி ஏறுகிறது என்றால் அந்தப் பத்து நிமிடம் பெரிதுதான். நேரம் இருக்கிறது, டீசல் விலைதான் கையைக் கடிக்கிறது என்பவருக்குப் பெரிய புல்லி நஷ்டக் கணக்கு.

(குழாய் உராய்வு மிகக் குறைவாக, ஏற்ற வேண்டிய உயரம் அதிகமாக இருக்கும் இடத்தில் தண்ணீர் 10 சதவீதத்தைவிடச் சற்று அதிகமாகவே கூடும். சக்தியும் கூடவே ஏறும் என்பதால் முடிவு பெரிதாக மாறாது.)

அளக்க வேண்டியவை நான்கு

முதலாவது வேகம். பம்ப் தண்டிலும் இன்ஜின் தண்டிலும், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். வெளிச்சம் அடித்து அளக்கும் டேக்கோமீட்டர் இப்போது குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. புல்லியில் பளபளப்பான ஸ்டிக்கர் துண்டை ஒட்டி, எட்ட நின்றே அளக்கலாம். இன்ஜின் பிளேட்டில் வேகம் 1500 (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று போட்டிருந்தால் பளுவில் 1450-க்கு மேல் நிற்க வேண்டும். அதற்கும் கீழே இறங்கிக் கரும்புகையும் வந்தால் இன்ஜின் ஏற்கெனவே திணறுகிறது. அங்கே புல்லி பேச்சே எடுக்கக் கூடாது. ஏர் ஃபில்டர், டீசல் தெளிக்கும் நாசில், பம்ப் பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். 200 லிட்டர் டிரம் எத்தனை நொடியில் நிறைகிறது என்று பார்ப்பது எளிது. 20 நொடி என்றால் நொடிக்கு 10 லிட்டர். டிரம் இல்லாவிட்டால் இரண்டு குச்சி போதும். டெலிவரி பைப்பின் வாய் மட்டமாக இருக்க வேண்டும், பைப் நிறைந்து ஓட வேண்டும். பைப்பின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் பாயும் திசையில் ஒரு குச்சியைக் கிடையாக நீட்டுங்கள். அதிலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே தொங்கும்படி இன்னொரு குச்சியைப் பிடித்து, அதன் நுனி தண்ணீரின் மேற்பரப்பைத் தொடும் இடம் வரை நகர்த்துங்கள். பைப் வாயிலிருந்து அந்த இடம் கிடையாக எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. 3 இஞ்ச் பைப்பில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் நொடிக்கு 2 லிட்டர், 4 இஞ்ச் பைப்பில் 3.2 லிட்டர். 3 இஞ்சில் 50 சென்டிமீட்டர் என்றால் 10 லிட்டர்.

மூன்றாவது டீசல். அளவு குறித்த பாட்டிலிலிருந்து ஹோஸ் வழியாக இன்ஜினுக்கு டீசல் விட்டு, 200 மில்லி எத்தனை நிமிடத்தில் தீர்கிறது என்று பாருங்கள். 15 நிமிடம் என்றால் மணிக்கு 0.8 லிட்டர். இன்ஜின் பிளேட்டில் எஸ்.எஃப்.சி. என்று ஓர் எண் இருக்கும், ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் டீசல் என்று. அது 250 என்றால், 0.8 × 830 ÷ 250 = 2.65 கிலோவாட் (ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம்). இன்ஜின் இப்போது கொடுப்பது அதிகபட்சம் இவ்வளவுதான். குறைந்த பளுவில் இன்ஜின் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் உண்மையான சக்தி இதற்குக் கொஞ்சம் கீழேயே இருக்கும். பாதுகாப்புப் பக்கம் சாய்ந்த கணக்கு இது.

5 எச்.பி. இன்ஜின் 3.7 கிலோவாட். நாள் முழுக்க ஓட்டும் இன்ஜினை அதில் 85 சதவீதத்துக்கு மேல், அதாவது 3.1 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. 3.1 ÷ 2.65 = 1.17, அதன் மும்மடி மூலம் 1.05. ஆகவே வேகத்தைக் கூட்ட உங்களுக்கு இருக்கும் இடம் 5 சதவீதம்தான். 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள இன்ஜின் புல்லியில் 7 மில்லிமீட்டர் கூட்டலாம். "ஒரு சைஸ் பெருசு" என்று கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 25 மில்லிமீட்டர்!

நான்காவது இழுவை. பம்பின் உறிஞ்சு பக்கத்தில் வேக்குவம் கேஜ் ஒன்று போடுங்கள். 1 இஞ்ச் பாதரசம் என்றால் சுமார் 0.35 மீட்டர் தண்ணீர். ஏட்டுக் கணக்கில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் வரை தண்ணீரைத் தூக்கும். நடைமுறையில் 6 முதல் 7 மீட்டரோடு சரி. கேஜ் 20 இஞ்சைத் தொட்டுவிட்டால் (7 மீட்டர் ஆகிவிட்டது) பம்ப் வேகத்தை ஒரு சுற்றுகூட ஏற்றக் கூடாது. வேகம் கூடக் கூட பம்புக்குத் தேவையான உள்வரும் அழுத்தமும் கூடும். அது கிடைக்காதபோது, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் வாயிலேயே தண்ணீர் ஆவிக்குமிழாகி உடையும். பம்புக்குள் சரளைக்கல் உருளும் சத்தம் கேட்கும். சில மாதத்தில் இம்பெல்லர் பூச்சி அரித்ததுபோல் குழிகுழியாகிவிடும்.

புல்லி வாங்குமுன் செய்யும் சோதனை

இந்த நான்கையும் அளக்க முடியாவிட்டால், வேகத்தையும் தண்ணீரையும் மட்டும் அளந்து இதையாவது செய்துவிடுங்கள். தண்ணீர் ஓடும்போது இன்ஜின் வேகத்தை 1500-லிருந்து 1350-க்குக் குறையுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, குச்சி அளவை மறுபடி எடுங்கள்.

50 சென்டிமீட்டர் 45 ஆகவோ அதற்கும் கீழாகவோ இறங்கினால், தண்ணீர் வேகத்துக்குக் கட்டுப்படுகிறது. இன்ஜினில் தெம்பிருந்தால் புல்லி பலன் தரும். 48, 49 என்று ஏறக்குறைய அப்படியே நின்றால், தடை உறிஞ்சு பக்கத்தில் இருக்கிறது. எவ்வளவு பெரிய புல்லி போட்டாலும் வராத தண்ணீர் வராது. அங்கே செய்ய வேண்டியது வேகத்தை 1350-லேயே விட்டு, டீசலை மிச்சப்படுத்துவது. பிறகு தடையைத் தேடுவது.

தடை வேறு இடத்தில் இருந்தால்

பில்டர் பாயிண்டில் நிலத்தடி நீர்மட்டம் பம்பிலிருந்து 4 மீட்டர் கீழே இருக்கிறது, ஆனால் கேஜ் 7 மீட்டர் காட்டுகிறது என்றால் நடுவில் 3 மீட்டர் எங்கோ தொலைகிறது. பெரும்பாலும் வலை அடைபட்டிருக்கும். கம்ப்ரஸர் விட்டுச் சுத்தம் செய்தால் பழைய தண்ணீர் திரும்பும். அடைபட்ட வலையில் வேகத்தைக் கூட்டி இழுத்தால் நுண்மணல் கிளம்பி பம்பையும் தின்னும், போரையும் தூர்க்கும். கேஜ் முள் ஆடிக்கொண்டே இருந்து, தண்ணீரில் வெள்ளைக் குமிழி வந்தால் காற்று இழுக்கிறது. ஜாயிண்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுவதைவிட, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பைப்பில் தண்ணீர் நிரப்பிக் கசிவைப் பார்ப்பது நிச்சயமான வழி. தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்ட் கயிறு காய்ந்திருந்தாலும் அங்கிருந்து காற்று நுழையும்.

வாய்க்காலிலோ குளத்திலோ இறைப்பவர்கள் முதலில் உறிஞ்சு பைப்பின் அடிநுனியில் இருக்கும் ஃபுட் வால்வைத் தூக்கிப் பாருங்கள். துளை குறைவான, மட்டமான ஃபுட் வால்வு தனியாகவே 2, 3 மீட்டர் உயரத்தை விழுங்கும். ஆகாயத்தாமரை வேர் சுற்றியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

டெலிவரியில் 3 இஞ்ச் பைப்பில் நொடிக்கு 10 லிட்டர் போனால் 100 மீட்டருக்குச் சுமார் 5 மீட்டர் உராய்வில் போகிறது. அதே தண்ணீர் 4 இஞ்சில் போனால் 1.7 மீட்டர்தான். நீளமான பைப் போட்டிருப்பவருக்குப் புல்லிக்குச் செலவிடும் பணத்தைவிட இந்த மாற்றத்துக்கு அதிகம் ஆகும். ஆனால் அது ஒருமுறை செலவு, புல்லி தினமும் டீசல் கேட்கும். பைப் வாயைத் தொட்டிக்கு மேலே ஒரு மீட்டர் தூக்கி, தண்ணீர் பொத்தென்று விழும்படி வைத்திருப்பது பல கொல்லைகளில் பார்க்கக்கூடியது. மொத்தம் 6 மீட்டர் ஏற்றும் இடத்தில் அந்த ஒரு மீட்டர் ஆறில் ஒரு பங்கு. பைப்பை இறக்குங்கள், காசு செலவில்லை.

நீர்மட்டம் இறங்கி இழுவை போதாத இடத்தில், பம்பை ஒரு மீட்டர் குழிக்குள் இறக்கி, இன்ஜினை மேலேயே வைத்து நீளமான தட்டைப் பெல்ட்டில் ஓட்டுவது நல்ல வழி. இன்ஜினையும் குழிக்குள் இறக்காதீர்கள். குழியில் தங்கும் புகைக்கு நிறமும் மணமும் தெரிவதற்கு முன்பே ஆள் மயங்கிவிடுவார். அப்படி மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் திரும்பாமல் போகும் விபத்து இது.

கடலோரத்தில், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கத்து மணல்மேடுகளில், நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. அங்கே நன்னீர் மட்டம் இறங்கினால் அடியிலிருக்கும் உப்பு அதைவிடப் பல மடங்கு மேலேறும். அந்த ஊர்களில் மெதுவாக, நீண்ட நேரம் இறைப்பதுதான் சரி. எந்தக் கணக்கு இடம் கொடுத்தாலும் பெரிய புல்லி வேண்டாம்.

பெரிதாக்க வேண்டிய இடம்

பம்ப் பிளேட்டில் 1440 என்று இருந்து, அளந்தால் 1300 ஓடுகிறது, இழுவையும் இன்ஜினும் சரியாக இருக்கின்றன என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். யாரோ பொருந்தாத புல்லியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கணக்கு இது:

இன்ஜின் புல்லி விட்டம் = வேண்டிய பம்ப் வேகம் × பம்ப் புல்லி விட்டம் ÷ இன்ஜின் வேகம்

பம்ப் புல்லி 150, பளுவில் இன்ஜின் வேகம் 1480 என்றால், 1440 × 150 ÷ 1480 = 146. வழுக்கலுக்கு 2 சதவீதம் சேர்த்தால் 149. கடையில் 150 கிடைக்கும். தட்டைப் பெல்ட்டுக்கு 3 முதல் 4 சதவீதம் சேருங்கள். பள்ளத்தில் உட்காரும் வி பெல்ட்டின் புல்லியில் விட்டம் என்பது வெளிவிட்டமல்ல. பி அளவுப் பெல்ட்டின் பள்ளத்துக்கு வெளிவிட்டத்தில் சுமார் 8 மில்லிமீட்டர் கழித்துக்கொள்ள வேண்டும். 1300-லிருந்து 1440-க்குப் போகும்போது சக்தி 36 சதவீதம் ஏறும் என்பதை மறக்காமல் டீசல் கணக்கோடு ஒப்பிடுங்கள். பிளேட்டில் உள்ள வேகத்தைத் தாண்டி ஏற்ற வேண்டாம்.

650 ஆர்பிஎம் மெதுவேக இன்ஜினை எடுத்துவிட்டு 1500 ஆர்பிஎம் இன்ஜின் வைப்பவர்கள் இதில் தனிக்கவனம் கொள்ள வேண்டும். பழைய இன்ஜினில் 340 மில்லிமீட்டர் புல்லி சரியாக இருந்திருக்கும். அதையே புதிய இன்ஜினில் பூட்டினால் 150 புல்லி போட்ட பம்ப் 3400 சுற்றும். இம்பெல்லர் தெறிக்கும் வேகம் அது. புல்லியின் விளிம்பே நொடிக்கு 26 மீட்டருக்கு மேல் ஓடும், பழைய வார்ப்பில் விரிசல் இருந்தால் சிதறும்.

குறைக்க வேண்டிய இடம்

டெல்டாவில் இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், யாரும் பேசுவதில்லை. 15 மீட்டர் உயரத்துக்கு வடிவமைத்த பம்பைக் கொண்டுவந்து, வெண்ணாற்றுக் கிளை வாய்க்காலிலிருந்து 3 மீட்டர் மேலே இருக்கும் வயலுக்கு இறைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கிய சம்பா வயலிலிருந்து வடிகாலுக்கு வெளியேற்றும்போது உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. எதிர்ப்பு குறைந்தால் பம்ப் தன் அளவுக்கு மீறித் தண்ணீரை இழுக்கும். இன்ஜின் பளு ஏறும், திறன் விழும், சரளைச் சத்தமும் வரும்.

அங்கே பம்பை 1440-லிருந்து 1080-க்கு இறக்கினால், அது தள்ளக்கூடிய உயரம் 15 மீட்டரிலிருந்து 8.4 ஆகக் குறையும். 3 மீட்டர் ஏற்றத்துக்கும் குழாய் உராய்வுக்கும் அது தாராளம். வேண்டிய சக்தி 42 சதவீதமாக இறங்கும். முதலில் இன்ஜின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். கைப்புத்தகத்தில் சொன்ன குறைந்தபட்ச வேகம் வரை அதுவே போதும், செலவுமில்லை. அதற்கும் கீழே போக வேண்டுமானால் இன்ஜின் புல்லியைச் சிறிதாக்குங்கள். இரண்டில் எதைச் செய்தாலும், டெலிவரியிலிருந்து சின்னக் குழாயில் இன்ஜினுக்குப் போகும் குளிர்விப்புத் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள். பம்ப் அழுத்தம் குறையும்போது முதலில் நிற்பது அதுதான்.

எந்தப் புல்லி, எப்படிப் பூட்டுவது

வேகம் கூட்ட இன்ஜின் பக்கம் பெரிதாக்குவதே நல்லது. பம்ப் பக்கம் சிறிதாக்கினால் அதே சக்திக்கு பெல்ட்டின் இழுவிசை கூடி பம்ப் பேரிங் சீக்கிரம் போகும், பெல்ட்டும் மடிந்து மடிந்து வெடிக்கும். பி பெல்ட்டுக்கு 125 மில்லிமீட்டருக்குக் கீழே, ஏ பெல்ட்டுக்கு 75-க்குக் கீழே போகவே கூடாது. 5 எச்.பி. செட்டுக்கு இரண்டு பள்ளம் கொண்ட பி புல்லி வழக்கம். பெல்ட் இரண்டையும் ஒன்றாக, ஒரே கம்பெனியில், ஒரே நீள எண்ணில் வாங்குங்கள். பழையது ஒன்று புதியது ஒன்று போட்டால் புதியது மட்டும் பளு சுமக்கும்.

பழைய புல்லியைக் கழற்ற மூன்று கால் புல்லர் வேண்டும். முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவையுங்கள். சுத்தியலால் விளிம்பில் அடித்தால் வார்ப்பு உடையும். உடையாவிட்டாலும் அந்த அடி பேரிங்குக்குப் போகிறது. புதிய புல்லியின் துளை தண்டுக்குக் கையால் அழுத்தினால் நுழையும் அளவில் இருக்க வேண்டும். லூஸாக இருந்தால் தகடு சொருகி ஓட்டாதீர்கள். லேத் பட்டறையில் புஷ் போட்டுக் கடைந்து வாங்குங்கள். புல்லியைத் தண்டோடு பூட்டும் கீ பக்கவாட்டில் இறுக்கமாக உட்கார வேண்டும்.

இன்ஜின் புல்லி 20 மில்லிமீட்டர் பெரிதானால் பெல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் கூடுதல் நீளம் வேண்டும். இன்ஜினை 16 மில்லிமீட்டர் பம்ப் பக்கம் நகர்த்த அடிச்சட்டத்தில் இடமிருந்தால் பழைய பெல்ட் அளவே போதும்.

பிறகு நூல் பிடியுங்கள். இரண்டு புல்லியின் முகத்திலும் நூல் நான்கு இடத்தில் தொட வேண்டும். ஓர் இடத்தில் தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் இன்ஜினைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். பெல்ட் இறுக்கத்துக்கு, இரு தண்டுகளுக்கும் நடுவே 600 மில்லிமீட்டர் என்றால், பெல்ட்டின் மத்தியில் கட்டைவிரலால் அழுத்தும்போது 10 மில்லிமீட்டர் தாழ வேண்டும். தட்டைப் பெல்ட்டில் இழுக்கும் பக்கம் கீழே, தளர்ந்த பக்கம் மேலே வரும்படி அமையுங்கள். மேல்பக்கம் தொய்யும்போது புல்லியை அதிகம் தழுவும். வழுக்கினால் ரோஸின் தடவாதீர்கள். வி பெல்ட் புல்லியில் பள்ளத்தின் அடிப்பகுதி பளபளவென்றிருந்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது, புல்லி தேய்ந்துவிட்டது என்று பொருள்.

கம்பி வலையில் ஒரு மூடி கட்டாயம் போடுங்கள். வேட்டி முனை, தோளில் கிடக்கும் துண்டு, புடவை முந்தானை, இதில் எது சிக்கினாலும் இன்ஜினை நிறுத்த நேரம் இருக்காது.

ஓட்டிய முதல் அரைமணியில் நிறுத்தி பெல்ட்டை மறுபடி இறுக்குங்கள், மறுநாளும் ஒருமுறை. கிளாண்டில் நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு விழ வேண்டும். சொட்டே இல்லாமல் இறுக்கினால் தண்டு அரிக்கும். பம்ப் பேரிங்கில் கை வைத்தால் தாங்க வேண்டும். வேகம், குச்சி அளவு, டீசல் மூன்றையும் திரும்ப எடுத்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் இன்ஜின் ரூம் சுவரிலேயே எழுதி வையுங்கள். தண்ணீர் 10 சதவீதம் கூட எதிர்பார்த்து 3 சதவீதம்தான் கூடியிருந்தால் பழைய புல்லிக்கே திரும்பிவிடுங்கள். கழற்றிய புல்லியை எடைக்குப் போட வேண்டாம். கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வைத்தால், கார்த்திகையில் வயல் வடிக்கும்போது பம்பை மெதுவாக ஓட்ட அதுதான் வேண்டியிருக்கும்.